புளியமரத்தடி மூங்கில் கடை: ஒரு வருடம் கழித்து

எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில் மூங்கில் கடை வைத்திருக்கிற அக்காவிடம் 12 அடி ஏணி, ஒரு முறம், ஒரு கூடை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மூங்கில் சாமானை வாங்கிய அன்றைக்கே பாராட்டுவதில் அர்த்தமில்லை, ஒரு மழைக்காலமாவது தாண்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஏனென்றால் முன்பு வேறொரு பெரிய கடையில் பளபளவென்று வார்னிஷ் அடித்த மூங்கில் நாற்காலி வாங்கினேன், ஆறே மாதத்தில் அதன் காலடியில் தினமும் மாவு கொட்ட ஆரம்பித்தது, கூட்டிக் கூட்டி அலுத்துப்போன ஒருநாள் உட்கார்ந்தபோது உளுத்த கால் ஒடிந்தே போனது.

அக்காவிடம் இதைச் சொன்னதும், "பிஞ்சுல வெட்டியிருப்பாங்க தம்பி, ஊறவும் போட்டிருக்க மாட்டாங்க" என்றார். மூங்கில் மரமில்லை, புல். முளைக்கும்போது என்ன பருமனோ கடைசிவரை அதேதான். சில மாதங்களிலேயே முழு உயரத்துக்கும் வந்துவிடும், ஆனால் உள்ளே இறுகிக் கெட்டிப்பட மூன்று நான்கு வருடமாவது வேண்டும். அதனால் பருமனைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது, நம்மைப் போன்றவர்கள் ஏமாறுவது அங்கேதான். அப்புறம், தண்டில் இருக்கும் மாவுச்சத்துதான் மூங்கிலை உளுக்கவைக்கிற வண்டுக்குத் தீனி. வெட்டிய கழியைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்த மாவுச்சத்து பெருமளவு போய்விடும். தன்னுடையது குளத்தில் ஊறிய கழிதான் என்று அக்கா சத்தியம் செய்தார். ஏணி முதல் பத்து நாள் சேற்று நாற்றம் அடித்தது, நம்பிவிட்டேன்.

ஏணி 1,400 ரூபாய். பக்கக் கழி இரண்டும் கல் மூங்கில், கிட்டத்தட்ட பொள்ளலே இல்லை. படிக்கான துளையைக் கணுவை ஒட்டியே போட்டிருக்கிறார், அதனால் கழி பிளக்கவில்லை. என் எடை 84 கிலோ, இன்றுவரை ஒரு படியும் ஆடவில்லை. முறத்தை அம்மா காகிதமும் வெந்தயமும் ஊறவைத்து அரைத்து மெழுகி வைத்துக்கொண்டார், அதைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.

கூடைதான் சுமார். விளிம்புக் கட்டு நாலாம் மாதமே அவிழ்ந்தது. கொண்டுபோய்க் காட்டினேன், காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தார், ஆனால் 300 ரூபாய்க்கு அது அவிழ்ந்திருக்கக் கூடாது.

மூங்கில் துவாலை என்று ஆன்லைனில் விற்பதையும் வாங்கிப் பார்த்தேன். மூங்கிலைக் கூழாக்கி ரசாயனத்தில் கரைத்து எடுக்கிற விஸ்கோஸ் என்ற இழைதான் பெரும்பாலும் அது, மெத்தென்று இருக்கிறது, சரி, மற்றபடி அதில் மூங்கிலைத் தேட வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் போன் செய்துவிடுங்கள். முகூர்த்த நாளென்றால் பந்தல்காரர்கள் கழியை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள், ஊரில் சாவு விழுந்தால் பாடைக்குப் பச்சை மூங்கில் கொடுக்க அக்காவே கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்.