சாதாரண மின்விசிறியா, பிஎல்டிசி மின்விசிறியா?

சாதாரண கூரை மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் மின்சாரம் இழுக்கும். பிஎல்டிசி (BLDC) எனப்படும், பிரஷ் இல்லாத டிசி மோட்டார் கொண்ட விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருப்பதால், பழைய மோட்டாரில் வெப்பமாக வீணாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இதில் மிச்சமாகிறது. நெடுநேரம் ஓடிய பழைய விசிறியை அணைத்துவிட்டு அதன் நடுக்கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாலே அந்தச் சூடு கைக்குத் தெரியும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் கூடத்து விசிறியை மாற்றினால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் சுமார் 40 யூனிட் குறையும்.

விலை கூடுதல்தான். சாதாரண விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டென்சரை மாற்றிச் சரிசெய்துவிடலாம். பிஎல்டிசியில் மின்னணுப் பலகை பழுதானால் செலவு அதிகம். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரையும் இணைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஆகவே, விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் அறைக்குப் பழையதே போதும். படுக்கையறைக்குத் தயங்காமல் பிஎல்டிசி வாங்கலாம்.