கொடிமலை ஏறும் நாளில் எப்போது மாவுச்சத்து? குறைமாவு உணவும் கோளாறு வயிறும்

குறைமாவு உணவுக்கு, அதாவது மாவுச்சத்தைக் குறைத்த உணவுக்கு, மாறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இனிப்பு நீர் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன பிறகு தொடங்கியது. ஐபிஎஸ் (IBS) எனும் குடல் கோளாறு அதற்கும் முந்தைய சொத்து: உப்புசம், வாய்வு, அவசரமாகக் கழிப்பறை தேடும் காலைகள். சோறும் ரொட்டி சானாயும் குறைந்ததில் இரத்தச் சர்க்கரை நல்ல நிலைக்கு வந்தது, வயிறும் ஓரளவு அடங்கியது. சிக்கல் வாரக் கடைசியில்தான். பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் சாலை சுமார் 5 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சமதளத்தில் நடக்க உடம்பிலுள்ள கொழுப்பே போதும். செங்குத்தில் தசை கேட்பது கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து. அது குறைவாக இருந்தால் மூச்சு இருக்கும், கால் எழும்பாது. “சோறு சாப்பிடாம மலை ஏறினா அப்படித்தான்” என்று அம்மா சொல்வதில் பாதி உண்மை.

இதற்குப் பலரும் சொல்லும் வழி, உடற்பயிற்சியை ஒட்டி மட்டும் 25 முதல் 50 கிராம் மாவுச்சத்து, அதுவும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால். இதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு போலிருக்கிறது. இத்தனை நாள் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: தசைக்கு உகந்த நேரம் ஒன்று, குடலுக்கு உகந்த நேரம் வேறு. இரண்டும் மோதினால் நான் குடல் பக்கம்தான்.

காரணம் எளிது. கடுமையாக ஏறும்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுகிறது. குடலுக்குப் போவது குறைகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து நீர் வற்றினால் இன்னும் மோசம். அந்த நேரம் வயிற்றில் கொழுப்போ நாரோ கிடந்தால் இரைப்பை காலியாகத் தாமதமாகும், வலி தொடங்கும். கோப்பியில் எம்சிடி எண்ணெய் (தேங்காய் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் கொழுப்பு) கலந்து குடித்துவிட்டு ஏறுவதைப் புகழ்பவர்கள் உண்டு. மலைப்பாதையில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

எனக்கு ஒத்துவந்தது பார்மசியில் விற்கும் சாதாரண குளுக்கோஸ் மாவு. ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம், ஒரு சிட்டிகை உப்போடு தண்ணீரில். குளுக்கோஸ் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைக்க அதில் மிச்சம் இருக்காது. உப்பு வெறும் சுவைக்கல்ல. மாவுச்சத்து குறைந்து இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றும்.

குடிக்கும் நேரத்தில்தான் நான் பொது ஆலோசனையை விட்டு விலகுகிறேன். முக்கால் மணி நேரம் முன்பே குடித்தால் இன்சுலின் ஏறி, நடை தொடங்கும் சமயம் பார்த்துச் சர்க்கரை சரியும். சிலருக்குத் தலை லேசாகும், எனக்கும் அப்படித்தான். அதனால் பூங்கா வாசலில் ஒரு வாய், பிறகு ஏறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக. உடல் இயங்கும்போது இன்சுலின் சுரப்பு அடங்கியிருக்கும். சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பதினைந்து கிராமிலேயே வேலை நடக்கிறது.

இனி, குறைமாவு என்று அட்டையில் போட்டு விற்கும் சிற்றுண்டிப் பார்கள் (bar). என் அனுபவத்தில் ஐபிஎஸ்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி கிடையாது. சீனி இல்லை, ‘நெட் கார்ப்’ (நார் போன்றவற்றைக் கழித்த மாவுச்சத்துக் கணக்கு) 3 கிராம் என்பார்கள். சீனிக்குப் பதில் இருப்பது மால்டிட்டால் அல்லது சார்பிட்டால். நார் என்று கழித்துக் காட்டுவது பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின். இரண்டுமே ஃபாட்மேப் வகையைச் சேர்ந்தவை, அதாவது முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறவை. மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் ஐபிஎஸ்காரர்களுக்கு வகுத்த உணவு முறை இவற்றைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறது. கணக்கில் மாவுச்சத்து இல்லை, வயிற்றில் மட்டும் திருவிழா. பின்பக்கச் சிறு எழுத்தைப் படிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

மலை இறங்கியதும் கண்ணில் படுகிறவையும் அதே ரகம். வெட்டிய தர்பூசணியில் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம். இளநீர் சில வாய் என்றால் சரி, முழுக் காய் என்றால் எனக்கு உப்புசம். ஐசோடோனிக் பானம் பரவாயில்லை, ஆனால் கேஸ் அடித்தது வேண்டாம். வாழைப்பழம் கெட்டியாக, கரும்புள்ளி விழாததாக இருக்க வேண்டும். பழுக்கப் பழுக்க ஃபிரக்டான் கூடும்; வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃபாட்மேப் வகை அது.

இறங்கிய கையோடு சாப்பிடவும் மாட்டேன். அரை மணிக்குள் சாப்பிட்டால்தான் கிளைகோஜன் நிரம்பும் என்ற அவசரம், ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்கிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு அடுத்த 24 மணி நேரம் இருக்கிறதே. குளித்து, உடல் சூடு தணிந்து, குடலுக்கு இரத்தம் திரும்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசியாறுகிறேன். இரண்டு இடியாப்பம், தேங்காயும் சர்க்கரையும் போடாமல், முட்டையோடு. இல்லையென்றால் ஒரு கைப்பிடிச் சுடுசோறும் மீனும். சோற்றை ஆறவைத்துச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஆறும்போது உருவாகும் செரிக்காத மாவு பெருங்குடலுக்குத்தான் போகும். சுடுசோறே எனக்கு நிம்மதி. குழம்பில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. பருப்பு வேறு நாளைக்கு, அதுவும் அளவாக.

மலை ஏறாத நாட்களில் இந்த எதுவும் இல்லை. வழக்கமான குறைமாவு உணவுதான்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்றக் கூடாது. சில மாத்திரைகளோடு மாவுச்சத்தைக் குறைப்பதே ஆபத்து.

இந்த முறைக்கு அடங்காமல் நிற்பது வேலைநாள் இரவு பேட்மிண்டன். ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். ஒரு மணி நேரம் காத்திருந்து சாப்பிட்டால் நெஞ்செரிச்சலோடு படுக்க வேண்டும். சாப்பிடாவிட்டால் தூக்கம் வராது. கூட ஆடும் அண்ணன்கள் நேராக நாசி கண்டார் கடைக்குப் போய்விடுகிறார்கள். நான் ஆட்டத்துக்கு நடுவிலேயே குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, வீட்டில் ஒரு முட்டையோடு முடித்துக்கொள்கிறேன். மறுநாள் காலையில் கால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது.