கர்நாடக சங்கீத கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் மாம்பலம் மாடிக் கடை

இரண்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருப்பது எல்லாம் அப்பா ரேடியோவிலிருந்து பதிந்து வைத்த கச்சேரிகள்தான். மொத்தம் 38 கேசட். 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் திருச்சி வானொலியைப் பிடித்து, வீட்டில் இருந்த டூ இன் ஒன்னில், அதாவது ரேடியோவும் கேசட் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டியில், பதிந்தவை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. தஞ்சாவூர் வீட்டுப் பரணில் இரண்டு பிஸ்கட் டின்களில் கிடந்த இவற்றைப் போன வருஷம் சென்னைக்கு எடுத்து வந்தேன். இதே மாதிரி கேசட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேறு ஒரு இடத்தில் ஆறு கேசட் கொடுத்துப் பார்த்தேன். கல்யாண வீடியோ, பழைய டேப் எல்லாம் மாற்றித் தருகிற பெரிய கடை, மூன்றே நாளில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினால், இரைச்சலே இல்லை, படு சுத்தம். ஆனால் பத்து நிமிஷம் கேட்பதற்குள் ஏதோ மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, பாடுகிறவருக்குப் பின்னால் விடாமல் சுருதி கூட்டுகிற தம்பூராவைக் காணோம்! இரைச்சலை நீக்கும் மென்பொருள், மாறாமல் ஒரே சீராக வருகிற ஓசையை எல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. டேப்பின் ‘உஸ்’ஸும் அப்படித்தான் வரும், தம்பூராவும் அப்படித்தான் வரும். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். கே.வி. நாராயணசாமி ‘வருகலாமோ’ பாடுகிறார், மாஞ்சி ராகத்தில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரலை அப்படியே இழைத்துக் கரைப்பாரே, அந்தக் கரைகிற இடம் எல்லாம் கத்தரித்த மாதிரி நின்றுவிடுகிறது. நந்தன், கோயில் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்கிற பாட்டு அது. அந்தத் தயக்கம் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

அதைவிடப் பெரிய கோளாறு எம்.டி. ராமநாதன் (எம்டிஆர்) கேசட்டில். சஹானா ராகம். கேட்டால் அவர் மாதிரியே இல்லை. ஒரு கட்டைக்கும் (சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு) கீழே, தரையோடு தரையாக உட்கார்ந்து வருகிற குரல் அது, இதில் வேறு யாரோ பாடுகிற மாதிரி கேட்டது. கையில் இருந்த இன்னொரு எம்டிஆர் பதிவைப் போட்டு, போனில் தம்பூரா ஆப்பை வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறியிருந்தது. கேசட் ஓடும் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், அவ்வளவுதான் கணக்கு. பெல்ட் மாற்றின பழைய கேசட் டெக்கில் இந்த அளவு தப்பு சாதாரணமாக வரும். சினிமாப் பாட்டில் பலர் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் எம்டிஆரை அரைக்கட்டை தூக்கி, அவருடைய விளம்ப காலத்தையும், அந்த நிதான நடையையும், கொஞ்சம் வேகமாக்கினால் அது எம்டிஆரே இல்லை.

சரி, இனி மாம்பலம் கடைக்கு வருகிறேன். கடை என்றால் போர்டு எல்லாம் கிடையாது. ஒரு வீட்டின் முதல் மாடியில் ஒரே ஒரு அறை, எழுபதை ஒட்டிய ஒருவர் தனியாகச் செய்கிறார். பெயரையும் விலாசத்தையும் எழுத வேண்டாம், வருகிற வேலையே கைகொள்ளவில்லை என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. சபாப் பக்கம் கேசட் சேகரிக்கிற ரசிகர்கள் யாரையாவது விசாரித்தால் சொல்லிவிடுவார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “யார் பாடினது? என்ன சுருதின்னு ஞாபகம் இருக்கா?” அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எந்த கேசட்டையும் அவர் எடுத்த உடனே ஓட விடுவதில்லை. முதலில் திறந்து பார்க்கிறார். டேப்பை, அதிலிருந்து ஒலியை எடுக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், முப்பது வருஷத்தில் அதன் பசை விட்டுப்போய் உதிர்ந்துவிடும். என் கேசட்டுகளில் பதினொன்றில் அது இல்லை. வேறு கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்றி, புதுப் பஞ்சு வைத்தார். அப்புறம் ஹெட்டின் சாய்வைச் சரிபார்க்கிறார். பதிந்த மெஷினின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் இந்த ஹெட்டும் இருந்தால்தான் மேல் ஓசைகள் வரும், இல்லாவிட்டால் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். என் கண் முன்னாலேயே ஒரு சின்ன ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினார், மிருதங்கத்தின் சாப்பு, வலது பக்கத்திலிருந்து வருகிற அந்தக் கணீர் அடி, பளிச்சென்று திறந்துகொண்டது. முதல் கடையில் வாங்கின பதிவில் அந்தச் சாப்பே இல்லை, இடது பக்கத் தொப்பி மட்டும் குமுக் குமுக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

வேகத்தைச் சரிபார்க்க அவர் வைத்திருக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்பாவின் டூ இன் ஒன் கரண்டில் ஓடினது, அதனால் எல்லாப் பதிவுகளிலும் அடியில் மெல்லிசாக ஒரு ‘ம்ம்ம்’ இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. கணினியில் பார்த்து அந்த ‘ம்ம்ம்’ 50ல் வந்து உட்கார்கிற மாதிரி டெக்கின் வேகத்தைத் திருகுகிறார். ஆனால் அதை மட்டும் நம்புவதும் இல்லை, அந்தக் காலத்தில் மின்சாரம் சரியாக 50ல் நிற்காது, மாலை நேரத்தில் எல்லோரும் விளக்குப் போட்டால் கீழே இறங்கிவிடும் என்கிறார். அதனால் கடைசியில் ஒரு சுருதிப் பெட்டியை எடுத்து வைத்துக் காதால் முடிவு செய்கிறார். எம்டிஆர் கேசட் இறங்கி இறங்கி அதன் இடத்தில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சஹானா, இப்போது ஒவ்வொரு பிடியும் நிதானமாக, அடுத்தது என்ன என்ற அவசரமே இல்லாமல் வருகிறது. இந்த இரண்டு மாதத்தில் அதை மட்டும் இருபது முறையாவது கேட்டிருப்பேன்.

இரைச்சலை நீக்கட்டுமா என்று அவராகவே கேட்டார். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். அதைத்தான் அவரும் விரும்புகிறார், வேண்டுமானால் இன்னொரு பிரதி கொஞ்சம் சுத்தம் செய்து தருகிறேன், அசல் உங்களிடம் இருக்கட்டும் என்றார். மீடியம் வேவில் வந்த நிகழ்ச்சிகள் ஆகையால் நடுநடுவே மின்னலுக்குக் கர்ர் என்று ஒரு கீறல் விழும். செம்மங்குடியின் கரகரப்பிரியா ஆலாபனை முழுக்க மழை இரவு ஒன்றில் பதிந்தது போலிருக்கிறது, கீறல் மேல் கீறல். ஐந்து நிமிஷத்துக்கு மேல் அது காதில் விழுவதே இல்லை, அந்த ராகம் நம்மை எங்கோ கொண்டுபோய்விடுகிறது. அதை எடுக்கப்போய் ராகத்தில் கை வைத்துவிடக் கூடாது.

ஒலித்தரம் பற்றி ஒன்று. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எண்களைச் சொல்லிக் கூடக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மீடியம் வேவ் ஒலிபரப்பில் உயர்ந்த ஓசைகள் அதிகம் வராது, டேப்பில் இல்லாததைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? இவர் 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்து, ஒலியில் எதுவும் இழக்காத ஃப்ளாக் கோப்பாகத் தருகிறார், போனுக்கு எம்பி3யும் தனியாக. அது போதும்.

இன்னொரு பெரிய நிம்மதி, பாட்டுப் பாட்டாக வெட்டுகிற வேலையை மென்பொருளிடம் விடுவதில்லை. முந்தைய கடையில் எங்கே மௌனம் வந்தாலும் வெட்டிவிட்டிருந்தார்கள், ஒரு தோடி ஆலாபனை ஒன்பது துண்டாக வந்தது. பாடுகிறவர் ராகத்தில் ஒரு சஞ்சாரத்தை, ஒரு சுற்றை, முடித்துவிட்டு மூச்சு விட்டு நிற்கிற இடம் ராகத்தின் பகுதிதானே. இவர் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்து, பாட்டு தொடங்கும் நேரங்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுக்கிறார். ராகம் பெயர் கூட எழுதுகிறார், அப்பா எழுதாமல் விட்ட இரண்டு இடத்தில் அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார். கையெழுத்துதான் கொஞ்சம் சிரமம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நேரம் ஆகும், ரொம்பவே ஆகும். 90 நிமிஷக் கேசட்டை எடுக்க 90 நிமிஷம் உட்கார்ந்து கேட்டாக வேண்டும், அவர் உண்மையாகவே கேட்கிறார், அதனால் வாரத்துக்கு நாலு கேசட்டுக்கு மேல் நகராது. போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும், அதுவும் மாலை நாலு மணிக்கு மேல். விலை 60 நிமிஷக் கேசட்டுக்கு 250 ரூபாய், 90க்கு 350, பஞ்சு மாற்றினால் 50 கூட. முதல் கடையில் இதில் பாதிதான். ஆனால் அங்கே கொடுத்த ஆறையும் இங்கே மறுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அவராலும் மீட்க முடியாது. காலை மங்கள இசையில் பதிந்த நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் கேசட் ஒன்று இருக்கிறது. டூ இன் ஒன்கள் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துப் பதியும், அதனால் தவில் ஓர் அடி விழுந்தால் நாகஸ்வரம் அப்படியே அமுங்கி, பிறகு மெல்ல மேலே வருகிறது. பதியும்போதே நடந்துவிட்ட விஷயம், ஒன்றும் செய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அதற்குக் காசும் வாங்கவில்லை. நான் அதையும் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் வீடு முழுக்க நிறைந்திருந்த சத்தம் அது.

இந்த வாரம் ஓடுவது ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி வானொலி நேஷனல் ப்ரோக்ராம். லால்குடி ஜெயராமனின் வயலின் தனிக் கச்சேரி. 45வது நிமிஷத்தில், மோகன ராகம் மேல் ஸட்ஜத்தை, மேல் ‘ஸ’வை, தொட்டு நிற்கிற இடத்தில், ‘டக்’ என்று முதல் பக்கம் முடிகிறது. அடுத்த கோப்பைத் திறந்தால் வில் அதே ஸட்ஜத்தில்தான் நிற்கிறது, நழுவினது ஒரே ஒரு மூச்சுதான். அப்பா கையைப் பட்டன் மேலேயே வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னும் ஒன்பது கேசட் அவரிடம் இருக்கிறது. அதில் ஒன்றின் அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் “மதுரை மணி, காம்போதி, அழிக்காதே” என்று இருக்கிறது. தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.