ஒயின் அறைக்கு எந்தக் குளிர்: சுவர் யூனிட்டா, ஸ்பிளிட்டா, வீட்டு ஏசியா?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2019 ஜனவரி 24ஆம் தேதி வெயில் 46.6 டிகிரியைத் தொட்டது. இந்த நகரம் அதற்கு முன் அப்படியொரு சூட்டைப் பதிவு செய்ததில்லை. கராஜின் பின்பாதியைத் தடுத்து ஒயின் அறை கட்டியிருந்தேன். அன்று மாலை அதன் கதவைத் திறந்தபோது, 13 காட்ட வேண்டிய வெப்பமானி 25 காட்டியது. சுவரில் பதித்திருந்த குளிர்விக்கும் யூனிட் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் காலை அதுவும் நின்றுவிட்டது. உள்ளே 600 பாட்டில்கள். வெள்ளை ஒயினான கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், சிவப்பு ஒயின்களான பரோசா ஷிராஸ், கூனவாரா கேபர்னே என்று பதினைந்து வருடமாக ஒன்றிரண்டாகச் சேர்த்தவை.

அந்த ஏப்ரலில் ஸ்பிளிட் போட்டேன். வீட்டு ஏசி அல்ல, குளிர் அறைகளுக்குப் போடும், உள்ளே ஒரு பாதி வெளியே ஒரு பாதி என்று பிரிந்த யூனிட். ஆறு கோடை தாண்டியாயிற்று. வீட்டில் ஒயின் அறை கட்டப் போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் ஸ்பிளிட் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். மற்ற இரண்டிலும் நல்லது இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 13 டிகிரியை ஒட்டி ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், இருட்டு வேண்டும், அதிர்வு கூடாது. சுவர், கூரை, தரை என்று ஆறு பக்கமும் காப்புப் பலகை, அதன் வெப்பமான பக்கத்தில் ஈரம் புகாத பாலித்தீன் விரிப்பு. விரிப்பை உள்பக்கமாகப் போட்டவர்கள் இரண்டாம் வருடம் பூஞ்சையோடு மல்லுக்கட்டுவார்கள். அறை சரியாக அமையாவிட்டால் எந்த இயந்திரத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. என் அறை 2.4 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 2.4.

இன்னொன்று. 150 பாட்டிலுக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் அறையே கட்ட வேண்டாம். கம்ப்ரஸர் உள்ள ஒயின் அலமாரி ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. கம்ப்ரஸர் இல்லாத மலிவான சின்னப் பெட்டிகள் நம் கோடைக்குத் தாங்காது.

சுவர் யூனிட்டை விளங்கிக்கொள்வது சுலபம், பழைய விண்டோ ஏசிதான் அது. ஒரே பெட்டி. முன்பக்கம் அறைக்குள் குளிரை ஊதும், பின்பக்கம் சூட்டை வெளியே தள்ளும். சுவரில் ஓட்டை போட்டு, பெட்டியைச் சொருகி, பிளக்கை மாட்டினால் அன்று மாலையே அறை குளிர்ந்துவிடும். மெக்கானிக் தேவையில்லை. எனக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,500 டாலர் ஆனது. விலையையும் சுலபத்தையும் பார்த்துத்தான் முதலில் இதை வாங்கினேன். வாங்கும்போது கையேட்டின் ஒரு வரியை நான் போதுமான கவனத்தோடு படிக்கவில்லை: யூனிட்டின் பின்பக்கம் இருக்கும் இடத்தைவிட 17 டிகிரி வரைதான் அறையைக் குளிர்விக்க முடியும். பின்பக்கம் இருந்தது கராஜ். தகரக் கூரை, மேற்கு வெயில். அது தள்ளும் சூடும் அதே கராஜுக்குள்தான் தங்கும். அன்றைக்குக் கராஜ் 44 டிகிரி. 44இல் 17ஐக் கழித்தால் 27. யூனிட் தன் சக்திக்கு மேலாகவே வேலை செய்திருக்கிறது.

ஆகவே சுவர் யூனிட்டைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின்பக்கம் எங்கே திறக்கிறது என்பதைத்தான். நடுவீட்டில், கோடையிலும் 25 டிகிரியைத் தாண்டாத, ஏசி ஓடும் கூடத்துக்குள் திறந்தால் அது நன்றாகவே உழைக்கும். கராஜ், மாடிப்படிக்கு அடியில் அடைத்த மூலை, பரண் என்றால் வேண்டாம்.

மூன்றாவது வழி, சாதாரண வீட்டு ஏசி. சந்தையில் உள்ளவை 16 அல்லது 18 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். கூல்பாட் போன்ற ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி, ஏசியின் வெப்ப உணரியை லேசாகச் சூடாக்கி, அறை இன்னும் குளிரவில்லை என்று அதை நம்ப வைக்கும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி கட்டத் தொடங்கினால் இன்னொரு உணரி அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். மெக்லாரன் வேல் என்ற ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறார். அறை 14இல் நிற்கிறது, செலவும் மூன்று வழிகளில் இதற்குத்தான் குறைவு. ஆனால் ஏசியின் உணரியில் கை வைத்தபின் வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. எல்லா இன்வெர்ட்டர் மாடல்களும் இந்தக் கருவியோடு ஒத்துப்போவதும் இல்லை.

வீட்டு ஏசி மேல் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, அது காற்றை உலர்த்திவிடும் என்பது. உண்மைதான். மனிதர்களுக்கான ஏசியின் காயில், அறைக் காற்றைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதில் பட்டு நீராகி வடிந்துவிடும், நமக்கு அதுதான் சுகம். ஒயினுக்காகச் செய்த யூனிட்டில் காயில் அகலமாக இருக்கும். அறையைவிட எட்டு, பத்து டிகிரிதான் அது குளிர்ந்திருக்கும், அதனால் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஈரம் குறைந்தால் தக்கை உலர்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும், ஒயினின் மட்டம் இறங்கும்.

ஆனால் ஐரோப்பாவில் எழுதிய ஆலோசனையை ஆஸ்திரேலிய அறைக்கு அப்படியே எடுத்து வரக்கூடாது. கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் செய்பவர்கள் பலர் 2000ஆம் ஆண்டு அறுவடையில் ஒன்றுகூடித் தக்கையைக் கைவிட்டுத் திருகுமூடிக்கு மாறினார்கள். இன்று இங்கே வாங்கும் பெரும்பாலான பாட்டில்களில் தக்கையே கிடையாது. திருகுமூடிக்கு ஈரப்பதம் ஒரு பொருட்டில்லை. என் நண்பரின் அறையில் முக்கால்வாசி திருகுமூடிதான், ஆகவே அவருடைய ஏசியை நான் குறை சொல்ல மாட்டேன். தக்கை போட்ட பழைய பாட்டில்கள் வைத்திருப்பவர்கள் கதை வேறு. பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் நிறுவனம் 1991 முதல் முகாம் நடத்தி, 15 வருடத்துக்கு மேலான தன் சிவப்பு ஒயின்களைச் சோதித்துத் தேவையானவற்றுக்குப் புதுத் தக்கை போட்டுத் தருகிறது. தக்கை எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு, அதை நம்பி கிரேஞ்ச் என்ற தங்கள் புகழ்பெற்ற ஒயினை விற்பவர்களே தரும் சாட்சி என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி என்னை ஸ்பிளிட்டுக்குத் தள்ளிய விஷயத்துக்கு வருகிறேன். குளிர்விக்கும் திறனோ ஈரப்பதமோ அல்ல, ரிப்பேர்தான் காரணம்.

சுவர் யூனிட் நின்றுபோன அன்று, இங்கே குளிர்பதன மெக்கானிக்காக இருக்கும் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவரை வரச் சொன்னேன். பெட்டியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இதுல பிரஷர் பாக்குற கேஜ் மாட்டவே இடம் இல்லண்ணே. குழாய வெட்டி வால்வு பத்த வச்சாத்தான் உள்ள கேஸ் இருக்கா இல்லையான்னே தெரியும். வாரண்டி இருக்கையில நான் அதச் செஞ்சேன்னா கம்பெனிக்காரன் கைய விரிச்சிருவான்" என்றார். அவர் சொன்னது சரி. மொத்தமாக மூடி முத்திரை வைத்த அமைப்பு அது. விற்றவர்கள் பெட்டியை மெல்போர்னுக்கு அனுப்பச் சொன்னார்கள். போய், பார்த்து, கம்ப்ரஸர் வந்து, திரும்பி வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும், பெட்டி இருந்த இடத்தில் அரை மீட்டர் அகலத்துக்குச் சுவரில் ஓட்டை. அதை நுரைப்பலகையால் அடைத்துவிட்டு, விலை உயர்ந்த 60 பாட்டில்களைப் படுக்கையறைக்கு மாற்றி ஏசியைப் போட்டுவிட்டுப் படுத்தோம்.

குளிர் நின்றால் அறை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 600 பாட்டில் என்றால் 450 லிட்டர் ஒயின், கூடவே 300 கிலோ கண்ணாடி. இவ்வளவும் குளிரைப் பிடித்து வைக்கும் என்பது என் நம்பிக்கையாக இருந்தது. நல்ல காப்புப் பலகை போட்ட என் அளவு அறைக்கு, வெளியே 35 டிகிரி நிலையாக நின்றால், முதல் நாளிலேயே ஏறக்குறைய 7 டிகிரி ஏறிவிடும். இரண்டரை நாளில், உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அதாவது நமக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குள் ரிப்பேர் முடிந்தால் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. மூன்று வாரம் என்றால் அறை கட்டியதே வீண்.

அந்த ஜனவரியின் விளைவு இன்னும் கண்ணில் படுகிறது. தக்கை போட்ட ஷிராஸ் பாட்டில்களில் ஏழெட்டு தக்கையோரம் கசிந்தன. ரீஸ்லிங் கசியவில்லை, ஆனால் வயதேறிய ரீஸ்லிங்கில் வரும் மண்ணெண்ணெய் வாடை நான்கு வருட பாட்டிலிலேயே தூக்கலாக வந்துவிட்டது. சூடு பட்ட ரீஸ்லிங்கில் அது சீக்கிரம் வரும். சிலருக்கு அந்த மணம் பிடிக்கும், எனக்கும் பத்தாவது வருடத்தில் பிடிக்கும். இருபது வருடம் வைக்கலாம் என்று வாங்கிய பாட்டிலை ஐந்தாம் வருடத்தில் அவசர அவசரமாகத் திறந்து குடிப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஸ்பிளிட்டில் காயிலும் காற்றாடியும் மட்டும் அறைக்குள்ளே. கம்ப்ரஸரும் சூட்டைக் காற்றில் விடும் கண்டன்சரும் வெளியே. இடையில் இரண்டு செம்புக் குழாய். சூடு கராஜுக்குள் தேங்குவதில்லை என்பது முதல் லாபம். பெரிய லாபம், அதிலுள்ள ஒவ்வொரு பாகமும் குளிர்பதனக் கடையில் கிடைப்பது. நான் போட்டது ஒயினுக்கென்று பெயர் போட்டு விற்கும் செட் கூட அல்ல. கசாப்புக் கடைக்கும் பூக்கடைக்கும் குளிர் அறை போடுகிறவர்கள் பயன்படுத்தும் சிறிய கண்டன்சிங் யூனிட், அதற்குச் சற்றுப் பெரிய காயில், 13இல் வைத்த தெர்மோஸ்டாட். ஊரில் எந்தக் குளிர் அறை மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அவர் தினமும் பார்க்கும் சாமான்.

ஆறு கோடையில் இரண்டு முறை நின்றது. 2022 டிசம்பரில் வெளிக்காற்றாடியின் கெபாசிட்டர் போனது. மதியம் போன் செய்தேன், அந்தத் தம்பி வேலை முடித்துவிட்டு ஆறு மணிக்கு வந்தார், ஏழு மணிக்கு ஓடியது. அறை 15ஐத் தாண்டவில்லை. 2024இல் குழாய் இணைப்பு ஒன்றில் கேஸ் மெதுவாகக் கசிந்தது. நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து, நட்டை மாற்றி, கேஸ் நிரப்ப ஒரு நாள் ஆனது. இரண்டுக்கும் சேர்த்து 600 டாலருக்குள் முடிந்தது.

ஸ்பிளிட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். பொருத்தும் கூலியோடு எனக்கு 6,500 டாலர், சுவர் யூனிட்டுக்குக் கொடுத்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேஸ் சம்பந்தப்பட்ட வேலைக்கு ஆர்க்டிக் (ARCtick) என்ற குளிர்பதன வேலைக்கான உரிமம் உள்ளவர்தான் வர வேண்டும், நாமே செய்ய முடியாது. இணைப்புகள் அதிகம், ஆகவே கசிவுக்கான இடங்களும் அதிகம். சுவர் யூனிட்டில் அந்தத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் அலமாரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யூனிட்டை எங்கோ வைத்து, குழல் வழியாகக் குளிர்காற்றை அறைக்குக் கொண்டுவரும் வகையும் இருக்கிறது. இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன், சத்தமே இல்லை. சொந்தமாக ஓட்டிப் பார்க்காததால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. என் ஸ்பிளிட்டுக்கும் ஆறு வயதுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் கம்ப்ரஸர் போனால் அப்போது கணக்கு கொஞ்சம் மாறலாம்.

ஸ்பிளிட் போட முடிவு செய்தவர்களுக்கு இரண்டு விஷயம். வெளி யூனிட்டைத் தென்சுவரில் வையுங்கள். பூமியின் இந்தப் பாதியில் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது, தென்சுவர்தான் நிழல். அடுத்து, காற்றாடிக்கான கெபாசிட்டர் ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுவது அவர் வேலை, ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் கடை மூடியிருக்கும்போது அவர் கையில் கொடுக்கப் பொருள் இருக்கும். என்னுடையது அறைக்கதவுக்கு மேலே உள்ள தட்டில், அளவு எழுதி ஒட்டிய டப்பாவில் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் கண்டன்சரைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது அந்த டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.