சாக்குத் துணியும் சீருடைத் துணியும்: பார்பிகன் கண்காட்சி குறித்து ஒரு மதிப்புரை

லண்டன் பார்பிகன் கலைக்கூடத்தில் 2024 பிப்ரவரி முதல் மே வரை நடைபெற்று, பின்னர் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்துக்குச் சென்ற ‘அன்ராவெல்’ கண்காட்சி, துணியையும் கலையாக ஏற்க வேண்டும் என்னும் பழைய வழக்காடலில் நேரத்தைச் செலவிடவில்லை. அதிகாரத்தை எதிர்கொண்ட மனிதர்கள் ஊசியையும் நூலையும் ஏன் நாடினார்கள் என்பதே அதன் கேள்வி. 1960களிலிருந்து இன்றுவரை இயங்கிய ஏறத்தாழ 50 கலைஞர்களின் 100க்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருந்தன.

சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பிறகு, காணாமல்போனவர்களின் குடும்பப் பெண்களும் ஏழைக் குடியிருப்புப் பெண்களும் சாக்குத் துணியின்மேல் பழைய உடைகளின் துண்டுகளை வைத்துத் தைத்த ‘அர்பியேரா’ படங்களே அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் இயங்கிய பட்டறைகளில் உருவாகி, நாட்டுக்கு வெளியே கமுக்கமாகக் கடத்தப்பட்ட இவற்றைத் தொலைவிலிருந்து பார்த்தால் குழந்தைகளின் படப்புத்தகம் போன்ற வண்ணங்களே கண்ணில் படும். நெருங்கிச் சென்றால்தான் காவலர்களும் வெறும் பானைகளும் ‘எங்கே அவர்கள்?’ என்னும் கேள்வியும் புலப்படும். பெண்களின் கைவேலை என்று ஆட்சியாளர்கள் அலட்சியமாக ஒதுக்கிய ஒன்றே அப்பெண்களுக்குக் காப்பாகவும் அமைந்தது.

மார்கரிட்டா காப்ரேராவின் கள்ளிச்செடிகள் வேறு வகை. அமெரிக்க எல்லைக் காவல்படையின் பச்சைச் சீருடைகளை வெட்டிச் செடிகளாகத் தைத்து, அவற்றின்மேல் புலம்பெயர்ந்தோர் தம் பயணத்தைப் பூத்தையலாகப் பதிக்கும் முறையை அவர் வகுத்திருக்கிறார். தெரெசா மார்கோயெஸோ, 2014இல் நியூயார்க்கில் காவலரின் பிடியில் எரிக் கார்னர் இறந்த இடத்தின் மண்ணைத் தொட்ட துணியையே படைப்பின் அடித்தளமாக்கிக்கொள்கிறார். இவ்விரண்டிலும் துணி எதையும் சித்திரிக்க வேண்டியதில்லை. அது எங்கே இருந்தது என்பதே சாட்சி.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான இருவரும் இடம்பெற்றிருந்தனர். மணிப்பூரின் தாங்குல் நாகா கலைஞர் ஸாம்திங்லா ருயிவா, 1986இல் இராணுவத்தினரின் பாலியல் தாக்குதலை எதிர்த்ததால் சுட்டுக்கொல்லப்பட்ட லுயிங்கம்லா என்னும் இளம்பெண்ணின் நினைவாக ஒரு ‘கஷான்’ நெய்தார். கஷான் என்பது அங்குள்ள பெண்கள் இடையில் சுற்றிக்கொள்ளும் ஆடை. பிற பெண்களும் அதே வடிவத்தை நெய்து உடுத்தத் தொடங்கியதால், அந்த நினைவுச்சின்னத்தை எந்த அரசாலும் இடிக்க முடியாது. கிளிநொச்சியில் பிறந்த வினோஜாவோ, வானத்திலிருந்து பார்த்த நிலப்படம் போலத் துணியை விரித்து, சிறு சிறு தையல்களால் பங்கர்களையும் (பதுங்குகுழிகளையும்) இடப்பெயர்வையும் குறிக்கிறார். வன்னியின் போரை ஒளிப்படங்களாக அளவுக்கு மீறிப் பார்த்துவிட்ட கண்களுக்கு, ஓர் உடல்கூட இல்லாத அந்தப் பரப்பு கூடுதலாகச் சொல்கிறது.

குறைகள் உண்டு. எல்லை, சாட்சியம், காயம், மூதாதையர் என்று பெருந்தலைப்புகளின்கீழ் தொகுத்ததால், வெவ்வேறு வரலாறுகள் ஒரே துயரத்தின் கிளைகள்போல் தோன்றிவிடுகின்றன. டிரேசி எமின், லூயிஸ் பூர்ஷ்வா போன்ற பெரும்பெயர்கள் இல்லாமலும் இந்த வாதம் நின்றிருக்கும். மாறாக, கீழ்த்தளத்தில் சிசிலியா விக்குன்யாவின் தொங்கும் இழைகளுக்குத் தாராளமாக இடம்விட்டது சரியான முடிவு; பேருருவுக்கு விளக்கத்தைவிட வெற்றிடமே தேவை.

காட்சி நடந்துகொண்டிருந்தபோதே அதன் பொருள் அதன்மீதே திரும்பியது. காஸா குறித்து எழுத்தாளர் பங்கஜ் மிஸ்ரா ஆற்றவிருந்த உரைக்கு இடமளிப்பதிலிருந்து பார்பிகன் விலகியதைக் கண்டித்து, லொரெட்டா பெட்வேயின் இரண்டு ஒட்டுப் போர்வைகளை அவற்றின் உரிமையாளர்கள் திரும்பப் பெற்றனர். கலைஞர்கள் சிலரும் தம் படைப்புகளை விலக்கிக்கொண்டனர். எதிர்ப்பைக் கொண்டாடும் காட்சியை ஒரு நிறுவனம் நடத்தும்போது இத்தகைய உரசல் விபத்தன்று என்றே கருதுகிறேன். அவர்கள் வெளியேறியதைக் காட்சியின் தோல்வியாகக் கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் பெட்வே தைத்த போர்வைகளைக் காண முடியாமற்போனது இழப்புதான்.

இதுபோன்ற காட்சியை அடுத்து வடிவமைப்பவர்கள் பெயர்களைப் பாதியாகக் குறைத்து, ருயிவாவுக்கும் வினோஜாவுக்கும் ஆளுக்கோர் அறை ஒதுக்கலாம்.