வில்சன் 'தி டியூக்': பந்துக்கு முழு மதிப்பெண், அதில் கையெழுத்துப் போட்டவரின் தீர்ப்புக்கு இல்லை

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களில் எறிகிற அதே தோல் பந்துதான் வில்சனின் 'தி டியூக்'. இதே பெயரில் செயற்கைத் தோலில் விலை குறைந்த நகல் பந்தும் கடையில் கிடைக்கிறது, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. அசல் தோல் பந்து நூறு டாலருக்கு மேல் ஆகும். வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்தப் பந்தைப் பற்றி எழுதிவிட்டு, இதற்குள் இருந்த காற்றைக் குறைத்தார்கள் என்று 2015-ல் டாம் பிரேடி என்ற ஆட்டக்காரருக்கும் அவருடைய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கும் கொடுத்த தண்டனையைப் பற்றி எழுதாமல் விட என்னால் முடியாது. பந்தையும் காற்றழுத்தம் அளக்கிற ஒரு கேஜையும் கையில் வைத்துக்கொண்டு அளந்து பார்த்தபிறகு அந்தத் தண்டனை தப்பு என்ற என் எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது.

முதலில் பந்து. ஒஹாயோ மாநிலத்தில் ஏடா என்ற சின்ன ஊரில், 1955-லிருந்து ஓடுகிற தொழிற்சாலையில் செய்கிறார்கள். பன்றித்தோல் என்று செல்லமாகச் சொன்னாலும் மாட்டுத்தோல்தான், சிகாகோவில் இருக்கிற ஹோர்வீன் தோல் பதனிடும் ஆலையிலிருந்து வருகிறது. நான்கு துண்டுகளை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தைத்து, நீராவியில் இளக்கி, அப்புறம் ஆள் பலத்தால் புரட்டிப்போடுகிறார்கள். காற்று நிற்கிற உள்பையான பிளாடரை நுழைத்து லேஸ் கட்டுவதும் கையால்தான். தையலில் விரலை ஓட்டினால் எங்கேயும் ஒரு பிசிறு தட்டவில்லை, புள்ளி புள்ளியான மேடுகள் நுனி வரைக்கும் ஒரே சீராக இருக்கின்றன. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த வெலிங்டன் மாராவின் பட்டப்பெயர்தான் டியூக். 1941-லிருந்து 1969 வரை இருந்த அந்தப் பெயர் அவர் இறந்தபிறகு 2006-ல் திரும்பி வந்தது. லீக் முத்திரைக்குப் பக்கத்தில் லீக்கின் தலைவரான கமிஷனர் ரோஜர் குடெலின் கையெழுத்தும் அச்சிட்டிருக்கும்.

புதுப் பந்தை எடுத்தவுடனே எறிந்து பார்த்துவிட்டு ஏமாந்துபோகாதீர்கள். மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்கிறது, பிடி கிடைக்காது. புதுத் தோல் செருப்பைப் போலப் பழக்கித்தான் எடுக்க வேண்டும். தூரிகையால் நன்றாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி தேய்த்து என்று பொறுமையாகச் செய்தால் தோல் கருத்து, லேசாக ஒட்டுகிற பதத்துக்கு வரும். என்எஃப்எல் அணிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. 2006 வரைக்கும் இரண்டு அணிகளும் உள்ளூர் அணி தருகிற பந்தில்தான் ஆடின. பெய்டன் மானிங், டாம் பிரேடி போன்ற குவார்ட்டர்பேக்குகள் (அணியில் பந்தை எறிகிறவர்கள்) கேட்டுக்கொண்டதால் அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு அணியும் தான் தாக்கி ஆடும்போது எறிகிற பந்தைத் தானே தயார் செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். தேய்க்கலாம், துடைக்கலாம், கை பழக்கலாம். காற்று மட்டும் 12.5-லிருந்து 13.5 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்க வேண்டும், நடுவர் பார்த்து முடித்தபிறகு யாரும் தொடக் கூடாது.

காற்று விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்குள் சரியாக 12.5 ஏற்றி, குளிர்காலத்தில் பின்வாசல் படியில் பந்தை வைத்துவிட்டு, நன்றாகக் குளிர்ந்தபிறகு அங்கேயே அளந்தேன். முள் 11.5-க்கும் கீழே நின்றது. யாரும் தொடவில்லை, பந்து ஒழுகவும் இல்லை, உள்ளே கொண்டுவந்து சூடானதும் பழைய இடத்துக்கே கிட்டத்தட்ட ஏறிவிட்டது. பள்ளி இயற்பியல்தான் இது. கேஜ் காட்டுகிற 12.5-ஓடு வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் 27.2, வெப்பம் 22 டிகிரி செல்சியஸிலிருந்து 9-க்கு இறங்கினால் அந்த மொத்தமும் அதே விகிதத்தில் இறங்கும், கழித்துப் பார்த்தால் 11.3 பக்கம் வருகிறது. கையில் பிடித்தால் வித்தியாசம் தெரிகிறதா என்றால், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒருவேளை தெரியும். ஒற்றைப் பந்தைக் கொடுத்து இதில் எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொன்று கேஜ். இரண்டு வெவ்வேறு கேஜ்களில் ஒரே பந்தை அளந்தேன், ஒரே எண் வரவில்லை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, மலிவான கேஜ்கள் இப்படித்தான் இருக்கும். அதுவும் போக, ஊசியைச் செருகி எடுக்கும்போதெல்லாம் உஸ்ஸென்று கொஞ்சம் காற்று போகிறது. அரை பிஎஸ்ஐக்காக யார் மேலாவது பழி போடுவதென்றால் கேஜை முதலில் சோதிக்க வேண்டும், எந்தக் கேஜில் எப்போது அளந்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். வீட்டில் பந்து எறிகிறவனுக்கே இது தோன்றும்.

2015 ஜனவரி 18 அன்று ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸும் மோதிய, லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதியாட்டத்தில் இது எதுவுமே நடக்கவில்லை. தலைமை நடுவர் ஆட்டத்துக்கு முன் பந்துகளை அளந்தார், ஆனால் எண்களை எழுதிவைக்கவில்லை. பேட்ரியட்ஸ் பந்துகள் 12.5 பக்கம், கோல்ட்ஸ் பந்துகள் 13 பக்கம் என்பது பிறகு அவர் நினைவிலிருந்து சொன்னது. அவரிடம் இரண்டு கேஜ் இருந்தன, ஒன்று மற்றதைவிட 0.3-லிருந்து 0.45 வரை கூடுதலாகக் காட்டும். எதைப் பயன்படுத்தினார் என்பதும் நினைவுதான். கோல்ட்ஸ் அணி ஏற்கெனவே லீக்கிடம் சந்தேகம் சொல்லியிருந்தது. பிரேடி எறிந்த பந்து ஒன்றை எதிரணி பிடித்தபிறகு, இடைவேளையில் அவசரமாக அளந்தார்கள். பேட்ரியட்ஸ் பந்துகளில் பதினொன்றை அளந்தார்கள், இரண்டு கேஜிலும் எல்லாமே 12.5-க்குக் கீழே. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை அளப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பேட்ரியட்ஸ் பந்துகளுக்குப் பிறகுதான் அவற்றை எடுத்தார்கள், அதற்குள் அறைச் சூட்டில் அவை எவ்வளவு ஏறியிருக்கும் என்பதே தனிக் கணக்கு. அப்படியும் ஒரு கேஜில் அந்த நான்கில் மூன்று 12.5-க்குக் கீழே காட்டின.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. லீக் நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் மே மாதம் கொடுத்த 243 பக்க அறிக்கையே, குளிரினால் மட்டும் பேட்ரியட்ஸ் பந்துகள் 11.32-லிருந்து 11.52 வரை இறங்கும் என்று கணக்குச் சொல்கிறது. இடைவேளை எண்களின் சராசரி கூடுதலாகக் காட்டுகிற கேஜில் சுமார் 11.5, இன்னொன்றில் சுமார் 11.1. ஆக, ஆட்டத்துக்கு முன் எந்தக் கேஜில் அளந்தார் என்பதில்தான் வழக்கு முழுக்க நிற்கிறது. கூடுதலாகக் காட்டுகிற கேஜ் என்றுதான் தன் நினைவு என்று நடுவர் சொன்னார். நடுவரின் மற்ற நினைவுகளையெல்லாம் அறிக்கை ஏற்றுக்கொண்டது, இதை மட்டும் ஏற்கவில்லை.

பேட்ரியட்ஸ் பக்கம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அணியின் ஊழியர் ஒருவர் நடுவர் அறையிலிருந்து பந்துப் பைகளோடு போய்க் கழிவறைக்குள் நுழைந்து ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இருந்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது. காற்று இறக்குகிறவன் என்று அவர் தன்னையே சொல்லிக்கொண்ட குறுஞ்செய்தியும் கிடைத்தது. பிரேடி, விசாரணை ஆட்கள் செய்திகளைக் கேட்டிருந்த நிலையில், தன் பழைய ஃபோனை அழித்துவிட்டார். இதெல்லாம் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், எனக்கும் இருக்கிறது. ஆனால் அறிக்கை சொன்னது என்ன? ஊழியர்கள் வேண்டுமென்றே காற்றை இறக்கியிருக்க 'வாய்ப்பு அதிகம்', பிரேடிக்கு அது 'பொதுவாகவாவது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்'. அவ்வளவுதான். இதற்கு பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் 2016-ன் முதல் சுற்று வாய்ப்பும் 2017-ன் நான்காம் சுற்று வாய்ப்பும் பறிப்பு.

ஆட்டம் முடிந்த சில நாட்களில் 12 பந்துகளில் 11-ல் 2 பிஎஸ்ஐ குறைவு என்று ஒரு செய்தி ஊரெல்லாம் பரவியது. அது தவறு, சரியான எண்கள் லீக்கிடம் இருந்தன. மே மாத அறிக்கை வரைக்கும் அவற்றை வெளியே சொல்லாமல் விட்டார்கள், அதற்குள் ஜனங்கள் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்ற வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்தில் முறைகேடாக மாற்றம் செய்தால் 25,000 டாலரிலிருந்து அபராதம் என்று லீக்கின் சொந்தக் கையேட்டிலேயே இருந்தது. 2014-ல் மினசோட்டாவில் குளிரில் ஓரக்கோட்டில் பந்தைச் சூடு காட்டியது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது, எச்சரிக்கையோடு விட்டார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் இரண்டு சீசன்களாக அரங்கில் பொய்யான கூட்டச் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டது, உரிமையாளரே ஒப்புக்கொண்டார், 3,50,000 டாலரும் ஐந்தாம் சுற்று வாய்ப்பும் போயின. பேட்ரியட்ஸ் தண்டனை அறிவிப்புக்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் அது. நிரூபணமான குற்றத்துக்குச் சின்னத் தண்டனை, நிரூபிக்க முடியாததற்குப் பெரிய தண்டனை என்றால் எந்த அளவுகோலில் அளக்கிறார்கள்?

இதே பேட்ரியட்ஸ் 2007-ல் மாட்டியதற்கு வாங்கிய தண்டனை நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜெட்ஸ் அணி பயிற்சியாளர்களின் சைகைகளை ஓரக்கோட்டிலிருந்து வீடியோ எடுத்தார்கள். கூடாது என்று அதற்கு முந்தைய ஆண்டே எல்லா அணிகளுக்கும் கடிதம் போயிருந்தது. கேமராவோடு கையும் களவுமாகப் பிடித்தார்கள். பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு 2.5 லட்சம், முதல் சுற்று வாய்ப்பும் போனது. விதி தெளிவு, ஆதாரம் கையில், முடிவெடுத்தவர் மேல் பழி விழுந்தது. அங்கேயும் குடெல் அந்த டேப்புகளை அழிக்கச் சொன்னது மட்டும் பெரிய தப்பு, அவற்றில் என்ன இருந்தது என்ற சந்தேகம் இன்று வரை ஓயவில்லை.

வழக்கைக் கிளப்புவதும் தண்டனை கொடுப்பதும் மேல்முறையீட்டைக் கேட்பதும் ஒரே அலுவலகம் என்பதுதான் சிக்கலின் வேர். பிரேடியின் முறையீட்டைக் கேட்டவரும் குடெல்தான். ஊக்கமருந்து எடுத்தவருக்கான தண்டனையோடு ஒப்பிட்டு 4 ஆட்டம் சரிதான் என்றார். 2015 செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் அதை ரத்து செய்தார், 2016 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. பிரேடி தப்பு செய்தாரா என்று தீர்மானிப்பது தங்கள் வேலை இல்லை, ஆட்டக்காரர் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கமிஷனருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். வெளியாள் ஒருவர் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 நியூ ஆர்லியன்ஸ் வழக்கு இருக்கிறது. எதிரணிக்காரரைக் காயப்படுத்தினால் பணம் என்ற அந்த விவகாரத்தில் மேல்முறையீட்டை முன்னாள் கமிஷனர் பால் டாக்லியபுவிடம் விட்டார்கள். நான்கு ஆட்டக்காரர்களில் மூன்று பேர் நடத்தை தப்பு என்று அவர் சொன்னார், ஆனாலும் நால்வரின் தடையையும் நீக்கிவிட்டார்.

என்னைக் கேட்டால், பந்துகளைக் கழிவறைக்குக் கொண்டுபோன விதிமீறலுக்கு அணிக்கு அபராதம், ஃபோன் விஷயத்துக்கு பிரேடிக்குத் தனியாக ஒரு அபராதம், இத்தோடு முடித்திருக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தால் ஆதாயம் கிடைத்தது என்ற வாதமும் நிற்கவில்லை. இடைவேளையில் காற்றை ஏற்றிக் கொடுத்தபிறகு பேட்ரியட்ஸ் 28 புள்ளி எடுத்தார்கள், கோல்ட்ஸ் ஒன்றுகூட எடுக்கவில்லை, ஆட்டம் 45-7 என்று முடிந்தது.

2015 சீசனிலிருந்து பந்துகளுக்கு எண் போட்டு, அழுத்தத்தை எழுதிவைத்து, சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளக்கிறோம் என்றார்கள். முன்பே செய்திருக்க வேண்டியது, சரி. ஆனால் குளிர் நாட்களில் எவ்வளவு இறங்கியது என்ற அந்த எண்களை லீக் வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் பிரேடி வழக்கு அன்றைக்கே தெளிவாகியிருக்கும்.

வாங்குகிறவர்களுக்கு: சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பந்து வேண்டாம், கைக்கு அடங்காது, இளையோர் அளவு தனியாக இருக்கிறது. மழையில் எடுக்காதீர்கள், தோல் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஊசியை ஈரப்படுத்தித்தான் செருக வேண்டும், இல்லையென்றால் வால்வு கிழியும். கேஜில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். குளிர் நாளில் வெளியே ஆடப்போகிறீர்கள் என்றால் வீட்டுக்குள் 13.5 ஏற்றிவிட்டுப் போங்கள், மைதானத்தில் 12.5-ஐ ஒட்டி நிற்கும்.