வாஸ்டி அறிக்கை: தானிய, எண்ணெய் வித்து வணிகர்களுக்கான ஒரு மதிப்பீடு

தானியமும் எண்ணெய் வித்தும் வாங்கி விற்பவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் தகவல் சேவைகளுள், அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடும் ‘வாஸ்டி’ (WASDE) எனும் உலக வேளாண் வழங்கல்–தேவை மதிப்பீட்டு அறிக்கையையே நான் முதலிடத்தில் வைப்பேன். வாஷிங்டனில் நண்பகல் 12 மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி அங்குக் கோடையாயின் இரவு 9.30க்கும் குளிர்காலமாயின் 10.30க்கும், அது எல்லோருக்கும் ஒரே வேளையில் வெளியாகிறது. முன்கூட்டியே எவருக்கும் கசியாதிருக்க, பூட்டிய வளாகத்துக்குள் வெளித்தொடர்பு ஏதுமின்றி அதிகாரிகள் அதை இறுதி செய்கிறார்கள்.

அதன் பெரும் சிறப்பு அட்டவணை அமைப்பில் இருக்கிறது. தொடக்கக் கையிருப்பு, விளைச்சல், இறக்குமதி, பயன்பாடு, ஏற்றுமதி என்று வரிசையாக வந்து இறுதிக் கையிருப்பில் முடியும் கணக்கில், சென்ற மாத மதிப்பீடும் இந்த மாத மதிப்பீடும் அடுத்தடுத்த பத்திகளில் நிற்பதால், எங்கே எவ்வளவு திருத்தினார்கள் என்பதை மறைக்க வழியில்லை. விலையை அசைப்பதும் பெரும்பாலும் அந்தத் திருத்தமே. உலகக் கோதுமைக் கையிருப்பில் ஏறத்தாழப் பாதியும், மக்காச்சோளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் சீனாவிடம் இருக்கின்றன; அந்தச் சரக்கு ஏற்றுமதிச் சந்தைக்கு வருவதே அரிது. ஆகவே உலக மொத்தத்தைக் கண்டு நிம்மதியடையாமல், ‘சீனா நீங்கலாக’ என்று தனியே தரப்படும் வரிக்குச் செல்லுமாறு புதியவர்களை வற்புறுத்துவேன்.

குறைகளும் உண்டு. ஏற்றுமதியை இது அளவில்தான் சொல்கிறது. மதிப்புக்கு, அதே துறை காலாண்டுதோறும் வெளியிடும் வேளாண் வர்த்தக முன்னோக்கு அறிக்கையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2020இல் அமெரிக்கா சுமார் 6.4 கோடி டன் சோயாபீன்ஸை ஏற்றுமதி செய்து ஏறத்தாழ 2,570 கோடி டாலர் ஈட்டியது, 2022இல் 5.7 கோடி டன்னுக்கே சுமார் 3,440 கோடி டாலர் கிடைத்தது. விலையேற்றம் தந்த இந்த வருவாயை விற்பனை வளர்ச்சி என்று எண்ணினால் கணக்கே தவறிவிடும்.

எள்ளுக்கு இதில் இடமில்லை, நிலக்கடலைக்கும் தனி அட்டவணை இல்லை. ஆயினும் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டில், சோயா எண்ணெய்ப் பக்கத்தை எண்ணெய் வணிகர் எவரும் தவிர்க்க முடியாது. அமெரிக்க அரசுப் பணிகள் முடங்கிய 2013 அக்டோபரிலும் 2019 ஜனவரியிலும் அறிக்கையே வெளிவரவில்லை. அத்தகைய மாதங்களுக்காகத் தனியார் மதிப்பீடு ஒன்றையும் பின்தொடர்வது நல்லது.